இரண்டு சாவிகள்

திண்டுக்கல் நாகல் நகரில் சாவி என்றால் பட்டறையில் அரத்தின் கீழ் இருக்கும் இரும்புத் துண்டு. அங்கிருந்து வடக்கே வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் சாவி என்றால் கதிர் தள்ளியும் மணி பிடிக்காமல் நின்ற நிலையிலேயே காய்ந்துபோன சோளம். ஒரே ஓசை, ஒரே எழுத்து, இரண்டுக்கும் இடையே சிறு பேருந்துப் பயணம். இரண்டும் ஒரே சொல்தான், ஒரு பொருள் நீண்டு இன்னொரு பொருளாக ஆகியிருக்கிறது என்று நினைப்பது எளிது. "பயிர் சாவியாப் போச்சு" என்பதை முதன்முதலாகக் கேட்கும் நகரத்துப் பிள்ளை, பயிர் மெலிந்து இரும்புச் சாவிபோல விறைத்துவிட்டது என்று உவமையாகப் பொருள் பண்ணிக்கொள்ளலாம். ஆனால் இவை இரண்டு சொற்கள். ஒன்று இந்த மண்ணிலேயே, தமிழின் மிகப் பழைய வினைகளுள் ஒன்றிலிருந்து பிறந்தது. மற்றது ரோமாபுரியின் லத்தீனில் தொடங்கி, போர்ச்சுகலில் உருமாறி, கப்பலேறி வந்தது. தமிழில் வந்து சேர்ந்தபோது இரண்டுக்கும் ஓசை ஒன்றாக அமைந்தது தற்செயல். அந்தத் தற்செயலை உறவு என்று எடுத்துக்கொண்டால் இரண்டு சொற்களின் வரலாறும் கெடும். அதிலும் அதிக இழப்பு வயலில் நிற்கும் சாவிக்குத்தான்.

வயற்காட்டுச் சாவியை முதலில் பார்ப்போம். செத்தான், சாகிறான், சாவான் என்று நடக்கும் சா என்ற வினைதான் அதன் வேர். கொல்வது கொல்லி, உண்பது உண்ணி என்று வினையோடு இகரம் சேர்ந்து பெயராவது தமிழின் பழைய வழக்கம். பூச்சிக்கொல்லியிலும் மாட்டுண்ணியிலும் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. அதே வழியில் சாவது சாவி ஆயிற்று. சாவட்டை என்று காய்ந்த பயிருக்கு வழங்கும் இன்னொரு சொல்லும் இதே வேரில் முளைத்தது. வேர் தமிழோடு நின்றுவிடவும் இல்லை. மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சாவு என்றால் மரணம்தான். நாயக்கர் காலம் முதல் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் வாழும் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களுக்கு இந்த வேரை யாரும் விளக்க வேண்டியதில்லை. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் இந்த மொழிகளின் சா வினைகள் ஒரே தொகுதியாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பியக் கப்பல் எதுவும் இந்தக் கடலில் தென்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த வேர் இங்கே பரவியிருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டாம்.

இந்தச் சாவி குறிக்கும் பொருளும் நுட்பமானது. வெற்று நெல்லுக்குப் பதர் என்ற சொல் இருக்கும்போது சாவி எதற்கு என்று கேட்கலாம். பதர் களத்தில் தெரிவது. தூற்றும்போது காற்று மணியையும் பதரையும் பிரித்துக்கொடுக்கும். நல்ல விளைச்சலிலும் கொஞ்சம் பதர் இருக்கத்தான் செய்யும். சாவி பெரும்பாலும் நிற்கிற பயிருக்கு நேர்வது. பூத்துப் பால் பிடிக்கும் பருவத்தில் ஈரம் தவறினால் கதிர் கதிராகவே நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நெல்லில் கதிர் நாவாய்ப்பூச்சி பாலை உறிஞ்சினாலும், தண்டுத் துளைப்பான் அடியில் அறுத்துவிட்டுக் கதிர் வெளுத்து நின்றாலும் கண்ணுக்கு முன்னால் நடப்பது அதே சாவுதான். விதைத்தாயிற்று, களை எடுத்தாயிற்று, உரம் போட்டாயிற்று. செலவு முழுவதும் முடிந்த பிறகு, பலன் கைக்கு வரும் முன்பு, பயிர் சாகிறது. விதை முளைக்காததற்கு இந்தச் சொல் பொருந்தாது. வெள்ளத்தில் பயிர் அழுகினாலும் பொருந்தாது. நம்பிக்கை கொடுத்துவிட்டுச் சாகும் ஒரு குறிப்பிட்ட சாவுக்கு மட்டும் தமிழர் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கொடைக்கானல் மலைகளின் நிழலில், பருவமழையை மட்டும் நம்பிச் சோளமும் கம்பும் நிலக்கடலையும் விதைக்கும் திண்டுக்கல் சமவெளிக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது.

இனிப் பூட்டின் சாவி. லத்தீனில் திறவுகோலுக்குக் கிளாவிஸ் என்று பெயர். லத்தீனின் பிள்ளைகளான மொழிகள் ஒவ்வொன்றும் அந்தச் சொல்லைத் தன் வழியில் தேய்த்தன. இத்தாலியனில் கியாவே, பிரெஞ்சில் கிளே, ஸ்பானியத்தில் யாவே, போர்ச்சுகீசியத்தில் சாவெ. இந்தத் தேய்மானம் மனம்போன போக்கில் நடந்ததில்லை. லத்தீனில் கிளா, பிளா, ஃபிளா என்று தொடங்கிய சொற்கள் போர்ச்சுகீசியத்தில் ஒழுங்காகச் சகரத்தில் தொடங்கும். மழையைக் குறித்த புளுவியா சூவா ஆயிற்று. ஈயத்தைக் குறித்த புளும்பும் சூம்பு ஆயிற்று. தீநாக்கைக் குறித்த ஃபிளம்மா சாமா ஆயிற்று. இன்றைய லிஸ்பனில் இந்தச் சகரம் ஷகரமாக ஒலிக்கிறது. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் அது நம்முடைய 'அச்சு' என்ற சொல்லில் உள்ள வல்லினச் சகரமாகவே ஒலித்தது. வட போர்ச்சுகலின் சில வட்டாரங்களில் இன்றும் அப்படித்தான். இந்தியில் சாபி என்று வல்லினச் சகரத்தோடு சொல்வது அந்தப் பழைய மாலுமிகளின் உச்சரிப்பு. லிஸ்பனே கைவிட்ட ஒலியைத் தில்லி வைத்திருக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் இந்தச் சொல்லின் எந்த வடிவம் இங்கே வந்தது என்ற கேள்விக்கு அந்த முதல் எழுத்தே விடை சொல்கிறது. இந்தியக் கடற்கரைக்கு வந்து வணிகம் செய்த ஐரோப்பியரில் கிளாவிஸைச் சகரத்தோடு சொன்னவர்கள் போர்ச்சுகீசியர் மட்டுமே.

கடைசி எழுத்தும் சாட்சிக்கு வரும். போர்ச்சுகீசியத்தில் சொல்லின் இறுதியில் வரும் எகரம் மெலிந்து ஒலிக்கும். தமிழ்க் காது அதை இகரமாக வாங்கிக்கொண்டது. பாத்ரெ என்பது பாதிரி ஆனது, மெஸ்த்ரெ என்பது மேஸ்திரி ஆனது, சாவெ என்பது சாவி ஆனது. மூன்றிலும் ஒரே மாற்றம். அகரத்தில் முடிந்தவை வேறு வழியில் போயின. மெசா மேசை ஆயிற்று, ஜனெலா வால் அறுந்து ஜன்னல் ஆயிற்று. ஒரு சொல்லுக்கு மட்டும் இப்படி நேர்ந்தால் தற்செயல் என்று தள்ளலாம். ஒரு கூட்டமே ஒரே விதிக்கு உட்படும்போது அது வரலாற்றின் தடம். அந்தக் கூட்டத்தில் ஜன்னல், மேசை, அலமாரி, சாவி என்று வீட்டுத் தட்டுமுட்டுகளும் கட்டுமானமும் நிறைய இருப்பதைக் கவனிக்க வேண்டும். கூடவே அந்த வேலையைச் செய்விக்கும் மேஸ்திரியும் இருக்கிறார்.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதல் மறுப்பு தமிழ்ப்பற்றிலிருந்து வருவது. கதவைச் சாத்துகிறோம், ஆகவே சாத்து என்பதிலிருந்து சாவி பிறந்திருக்கலாம் என்பது அந்த ஊகம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. இரட்டைத் தகரம் வகரமாகக் கரைவது தமிழின் இயல்பு இல்லை. காத்து, பார்த்து, சேர்த்து எதிலும் அப்படி நடக்கவில்லை. பொருளும் ஒத்துவரவில்லை. சாத்துவதற்குக் கை போதும், பழைய பூட்டு பலவற்றை அழுத்தினாலே மாட்டிக்கொள்ளும். சாவி வேண்டியிருப்பது திறக்கத்தான். அதனால்தான் தமிழ் தானே உண்டாக்கிய பெயர் சாத்துகோல் என்று இல்லாமல் திறவுகோல் என்று இருக்கிறது. அடுத்த மறுப்பு இதையே தலைகீழாக்குவது: தமிழிலிருந்து போர்ச்சுகீசியர் எடுத்துப் போயிருக்கக் கூடாதா? கூடாது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய 1498க்குப் பல நூற்றாண்டு முன்பே கிளாவிஸ் லத்தீன் எழுத்தில் இருக்கிறது. அதன் உடன்பிறப்புகள் கடலோடாத ஐரோப்பியரின் வாயிலும் இருக்கின்றன.

மூன்றாவது மறுப்புத்தான் திண்டுக்கல்லுக்கு நெருக்கமானது, கனமானதும்கூட. இந்த ஊர் கடற்கரையில் இல்லை. 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் மலைமேல் கோட்டை எழுப்பிய காலம் முதல் இது படை நடமாடிய ஊர். 1755இல் ஹைதர் அலி இங்கே மைசூரின் பௌஜ்தாராக வந்து அமர்ந்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனியின் கைக்குப் போகும்வரை ஊரின் எழுத்து வேலையில் பாரசீகமும் சிப்பாய்களின் வாயில் இந்துஸ்தானியும் இருந்தன. ஆக, இந்துஸ்தானிச் சாபிதான் இங்கே சாவி ஆயிற்று என்று ஏன் சொல்லக் கூடாது? ஒலியைக் கேட்டால் பதில் கிடைக்கும். இந்துஸ்தானி வழியாக வந்த சொற்களில் பகரத்தைத் தமிழ் பகரமாகவே காப்பாற்றியிருக்கிறது. ஜவாப், நவாப் என்ற இரண்டையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வகரமும் பகரமும் இருக்கின்றன, தமிழ் இரண்டையும் குழப்பவில்லை. நவாப்பை நவாவ் என்று சொல்லாத நாக்கு சாபியைச் சாவி என்று ஏன் சொல்ல வேண்டும்? போர்ச்சுகீசிய மூலத்தில் இருப்பது வகரம். தமிழில் இருப்பதும் வகரம். மராத்தியிலும் குஜராத்தியிலும் வகர வடிவம் உண்டு என்பதால் தஞ்சை மராத்தியர் வழியை ஒலியை மட்டும் வைத்துத் தள்ள முடியாது என்று யாராவது சொன்னால் அது நியாயமான பேச்சு. ஆனால் மராத்தியர் தஞ்சையில் ஆட்சி அமைத்தது 1676இல். முத்துக்குளித்துறைப் பரதவர் போர்ச்சுகீசியரோடு உறவு கொண்டது 1530களில். என்ரிக் என்ரீக்கஸ் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. 1606இல் ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். அங்கிருந்து திண்டுக்கல் அறுபது கிலோமீட்டர்தான். சாவியோடு சேர்ந்து நடக்கும் ஜன்னலையும் பாருங்கள். தமிழும் மலையாளமும் சிங்களமும் அந்தச் சொல்லை வைத்திருக்கின்றன. மூன்றும் போர்ச்சுகீசியர் நேரே வந்திறங்கிய கரையின் மொழிகள். மராத்தியின் தயவில்லாமல் ஜன்னல் வர முடிந்ததென்றால், சாவிக்கும் அந்தத் தயவு தேவைப்பட்டிருக்காது.

திறவுகோல் என்ற அழகான சொல் கையில் இருக்கும்போது வெளிச்சொல் ஏன் வேண்டியிருந்தது என்ற கேள்வி வருத்தத்தோடு கேட்கப்படுவது. விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதாக நினைக்கிறேன். திறவுகோல் என்பதில் கோல் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் குறுக்கே விழும் தாழை, வெளியிலிருந்து துளை வழியாக நீண்ட கம்பி விட்டு இழுத்துத் திறந்த காலத்தின் பெயர் அது. தாழ் என்ற சொல் திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்திலேயே வருகிறது. மலையாளம் இன்றும் பூட்டைத் தாழ் என்றும் அதன் சாவியைத் தாக்கோல் என்றும் சொல்கிறது. கன்யாகுமரிப் பக்கத்துத் தமிழிலும் தாக்கோல் கேட்கும். பெட்டிக்கும் அலமாரிக்கும் போடும் சிறு பூட்டில் நுழைந்து திரும்பும் துண்டைக் கோல் என்று சொல்ல நா கொஞ்சம் தயங்கியிருக்கும். அலமாரி என்ற பெயர் வந்த வீட்டுக்கு அதன் சாவியும் பெயரோடு வந்தது. அக்கம்பக்கத்து மொழிகள் இந்தச் சிறு பொருளைக் கண்டு என்னென்ன நினைத்தன என்று பார்த்தாலும் வியப்பு தோன்றும். கன்னடம் அதைப் பீகத கை, பூட்டின் கை என்றது. தெலுங்கு தாளம் செவி என்கிறது. தெலுங்கில் செவி என்றால் காது. வந்திறங்கிய போர்ச்சுகீசியச் சாவெயைத் தெரிந்த செவியாகக் கேட்டுப் பூட்டின் காது என்று பொருத்திக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது. தமிழில் நடந்ததற்கு மறுபக்கம் அது. தமிழில் புதிய சொல் பழைய சொல்லின் ஓசையில் போய் உட்கார்ந்தது, ஆனால் பொருளில் அதைத் தொடவில்லை. தெலுங்கில் பொருளுக்கும் இடம் கேட்டுவிட்டது. அந்நியச் சொல்லை ஏற்கும்போது ஒவ்வொரு மொழியும் தனக்குத் தெரிந்த சொற்களின் நடுவே அதற்கு ஓர் இருக்கை தேடுகிறது.

ஆண்டவர்களின் மொழி ஆளப்பட்டவர்களின் வாயில் ஏறியது, அவ்வளவுதான் என்று முடித்துவிடுவோரும் உண்டு. அவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டும். 1619 முதல் 1658 வரை போர்ச்சுகீசியர் நேரடியாக ஆண்ட தமிழ் நிலம் அது. மதுரைச் சீமையை அவர்கள் ஒரு நாளும் ஆளவில்லை. ஆனால் சாவி என்று சொல்வது மதுரைச் சீமை. ஈழத்தமிழரின் அன்றாடச் சொல் திறப்பு. திற என்ற சொந்த வினையிலிருந்து, கோலையும் விட்டுவிட்டு, வாய்க்கு அடக்கமாக அவர்கள் ஒரு பெயர் செய்துகொண்டார்கள். கொழுக்கியோடு வளைந்த பூட்டுக்கு ஆமைப்பூட்டு என்று பெயர் வைத்தார்கள். ஆனால் யன்னலைப் போர்ச்சுகீசியத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை ஆட்சி தீர்மானிக்கவில்லை. சந்தையும் தச்சுப் பட்டறையும் அடுக்களையும் தீர்மானித்தன. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழியில் நின்று சாவியை விலக்கித் திறவுகோல் எழுதுவோரை நான் மதிக்கிறேன். திறப்பு என்ற ஈழத்துச் சொல் இங்கும் பரவினால் மகிழ்வேன். ஆனால் வந்த சொல்லை வந்த சொல் என்று அறிந்து விலக்குவது வேறு, அதற்குப் பொய்யான தமிழ் வேர் ஒன்றைக் கட்டிச் சொந்தமாக்குவது வேறு. இரண்டாவது செயல் வேருள்ள சாவியின் மடியிலிருந்து அதன் பிறப்பைப் பறித்து வேரில்லாத சாவிக்குக் கொடுப்பதாகும்.

இரண்டு சொல் ஒரே உருவில் இருந்தும் மக்கள் எப்படித் தடுமாறாமல் பேசினார்கள் என்பதற்குத் தொல்காப்பியம் சட்டமே வகுத்திருக்கிறது. பலபொருள் ஒருசொல் என்று அது ஒரு வகையைப் பிரிக்கிறது. வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியும் என்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு மா. பூத்தது என்றால் மாமரம், ஓடிற்று என்றால் குதிரை. சாவியும் இந்த இலக்கணத்துக்கு அப்படியே அடங்குகிறது. பூட்டின் சாவி தொலையும், கிடைக்கும், கொத்தாக இடுப்பில் தொங்கும். கடிகாரத்துக்கும் பொம்மைக்கும் சாவி கொடுப்பார்கள். வயலின் சாவி இவற்றில் எதையும் செய்யாது. அது பெரும்பாலும் ஆதல் என்ற துணையோடுதான் வரும்: சாவியாயிற்று, சாவியாய்ப் போயிற்று. ஒன்று பொருளின் பெயர், மற்றது நிலைமையின் பெயர். ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்தாலும் மயக்கம் இல்லை. சா. விசுவநாதன் என்ற எழுத்தாளர் தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சாவி என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, பின்னாளில் அந்தப் பெயரிலேயே வார இதழும் நடத்தினார். மூன்றாவது பிறப்பு அது, வேறு எந்த வேரோடும் சம்பந்தமில்லாதது. அதனாலும் யாரும் குழம்பவில்லை. ஆங்கிலத்தில் சாவியைக் குறிக்கும் கீ என்ற சொல்லும் அமெரிக்காவின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்ற ஊர்ப்பெயரில் உள்ள கீயும் இப்படித்தான். பின்னது சிறு தீவைக் குறிக்கும் காயோ என்ற ஸ்பானியச் சொல்லின் திரிபு.

ஆனால் தொல்காப்பியரின் பெயரீட்டில் நாம் கவனமாகப் பிரிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதைப் பிரித்துக்காட்டத் திண்டுக்கல்லைவிட நல்ல ஊர் இல்லை. பூட்டு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் அது கதவுக்குப் போடுவது. காட்டில் அது ஏருக்குச் செய்வது: மாட்டை நுகத்தில் பூட்டுகிறார்கள், வண்டி பூட்டுகிறார்கள். பழைய இலக்கியத்தில் வில்லில் நாண் பூட்டினார்கள். எலும்பு சேரும் மூட்டிலும் பூட்டு உண்டு. சாவியைப் போலவே இதற்கும் ஊரில் ஒரு பொருள், வயலில் ஒரு பொருள். ஆயினும் இது ஒரே சொல். இணைத்து இறுக்குதல் என்ற ஒரு கருத்து நுகத்திலும் நாணிலும் கதவிலும் தொடர்ந்து ஓடுகிறது. ஒரு பொருளிலிருந்து அடுத்ததற்கு நடந்து போக வழி இருக்கிறது. கதவுப் பூட்டிலிருந்து வண்டிப் பூட்டுக்குப் போகிறவர் எங்கும் கடல் தாண்ட வேண்டியதில்லை. சாவியில் அந்த வழி இல்லை. காய்ந்த கதிருக்கும் திறக்கும் இரும்புக்கும் நடுவில் நிற்பது வெறும் ஓசை. ஆக, பலபொருள் ஒருசொல் என்று நாம் ஒரே தட்டில் வைப்பவற்றுள் பூட்டு ஒருவகை, சாவி ஒருவகை. முன்னது கிளை விட்ட மரம். பின்னது இலைகள் உரசிக்கொள்ளும்படி நெருங்கி நிற்கும் இரண்டு மரங்கள். இரண்டு மரத்தையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே குடைதான் தெரியும். அடிமரத்துக்குப் போய்ப் பார்க்கிற வேலையைத்தான் சொல்வரலாறு செய்கிறது.

பூட்டும் சாவியும் திண்டுக்கல்லின் தொழிலானது இந்தச் சொற்களின் வயதோடு ஒப்பிட்டால் நேற்றைய கதை. தொடக்கத்துக்குப் பரட்டை ஆசாரி என்ற கைவினைஞரின் பெயரை ஊர் சொல்கிறது, அவரோடு சேர்த்து மாங்காய்ப் பூட்டைச் சொல்கிறது. நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி என்று வீட்டுத் திண்ணைகளிலும் சிறு பட்டறைகளிலும் தொழில் பரவியது. கோயிலுக்கும் சிறைக்கும் கிடங்குக்கும் இங்கிருந்து பூட்டு போயிற்று. இரும்புத் தகட்டை வெட்டி, தட்டி, உள்ளே லீவர்களை அடுக்கி, ஒவ்வொரு லீவருக்கும் பொருந்தும்படி சாவியின் பல்லை அரத்தால் கையாலேயே அராவி எடுப்பார்கள். ஒரு பூட்டின் சாவி அடுத்த பூட்டுக்குச் சேராததுதான் அந்தக் கைவேலையின் பெருமை. அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டுகள் மலிவாக வந்து சந்தையை நிறைத்த பிறகு பட்டறைகள் குறைந்துவிட்டன. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டைக் கையில் எடுத்தால் அதற்குள் மூன்று மொழி இருக்கிறது. பூட்டு தமிழ், சாவி போர்ச்சுகீசியம், லீவர் ஆங்கிலம். ஆங்கில லீவரைப் பின்தொடர்ந்தால் பழைய பிரெஞ்சு வழியாக அதுவும் லத்தீனில்தான் போய் நிற்கும். ஒரே லத்தீனிலிருந்து வெவ்வேறு கப்பலில், வெவ்வேறு நூற்றாண்டில் புறப்பட்ட இரண்டு சொற்கள் நல்லாம்பட்டிப் பட்டறையில் பல்லும் பள்ளமுமாகச் சந்தித்துக்கொண்டன.

இப்படி வந்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். போனவையும் உண்டு, திண்டுக்கல்லின் இன்னொரு பழைய தொழிலே அதற்குச் சாட்சி. புகையிலைச் செடி போர்ச்சுகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. வேடசந்தூர்ப் பக்கம் அது இன்றும் பயிராகிறது, அதற்கென ஆராய்ச்சி நிலையமே அங்கே இருக்கிறது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனம் சுருட்டு ஆலை நடத்தி, இங்கே சுருட்டியதை இங்கிலாந்துவரை அனுப்பியது. செடி அவர்கள் கொண்டுவந்தது, சுருட்டிய விரல் நம்முடையது, ஆகவே பெயரும் நம்முடையது. தமிழ்ச் சுருட்டு போர்ச்சுகீசியத்தில் சருத்து ஆகி, ஆங்கிலத்தில் செரூட் ஆயிற்று. சாவி எந்தக் கடல்வழியில் வந்ததோ அதே வழியில் சுருட்டு திரும்பிப் போனது. சொல்லைக் கடன் வாங்குவது தாழ்வு என்றால் அந்தத் தாழ்வு லிஸ்பனுக்கும் லண்டனுக்கும் சேர்த்தே உண்டு.

பெரிய நகரங்களில் சாவியாய்ப் போவதை யாரும் பார்ப்பதில்லை, அதனால் சொல்வதும் இல்லை. மானாவாரிச் சோளமும் கம்பும் குறைந்து, நிலம் மனையாகவும் தோப்பாகவும் மாறும் இடத்தில் அந்தச் சாவியைக் காண வேண்டிய தேவையே குறைகிறது. பள்ளிப் பாடத்தில் சாவி வந்தால் படத்தில் இருப்பது இரும்புச் சாவிதான். பூட்டின் சாவி ஆயிரம் வீட்டில் தொங்குவதால் அழியப்போவதில்லை. வயலின் சாவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது இருக்கும் இடம் விவசாயியின் வாய். சொற்பிறப்பு அறியாமல் இரண்டையும் ஒன்றாக்கினால், வேரோடு நின்ற தமிழ்ச் சொல் வந்தேறிய சொல்லின் உவமைப் பொருளாகச் சுருங்கிவிடும். சா என்ற வேரோடு அதற்கிருக்கும் தொப்புள்கொடி மறந்துபோகும். அகராதியில் இரண்டு தலைச்சொல்லாக அவை தனித்தனியே நிற்க வேண்டும் என்று இவ்வளவு வாதாடுவது இதற்காகத்தான்.

தமிழில் நடந்த இந்த ஓசை விபத்து போர்ச்சுகலிலும் நடந்திருக்கிறது, அதுவும் தென்னிந்தியச் சொல் ஒன்றால். போர்ச்சுகீசியத்தில் மாங்கா என்றால் சட்டைக்கை. கையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து, மணிக்கா என்ற சொல் தேய்ந்து வந்த சொந்தச் சொல் அது. மலையாளக் கரையில் இறங்கியவர்கள் மாங்காயைக் கண்டு அந்தப் பெயரையும் மாங்கா என்றே எடுத்துப் போனார்கள். அன்று முதல் அவர்கள் மொழியில் இரண்டு மாங்கா இருக்கின்றன. ஒன்று ரோமாபுரியிலிருந்து வந்த சட்டைக்கை, மற்றது நம் கரையிலிருந்து போன பழம். தொல்காப்பிய உரைகாரர்கள் எடுத்துக்காட்டிய அந்த மாவின் காய்தான் அது. சுருட்டி மடித்தான் என்றால் சட்டைக்கை, அறுத்துத் தின்றான் என்றால் பழம். லிஸ்பன்காரர் வினையைக் கேட்டுப் பொருளைத் தெரிந்துகொள்கிறார். திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி அராவும் ஆசாரியின் ஒரு கையில் போர்ச்சுகலுக்குப் போன பெயர் இருக்கிறது, மறுகையில் அங்கிருந்து வந்த பெயர் இருக்கிறது.